ராமநாதபுரத்துக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: எங்கே போகலாம், எப்போது போக வேண்டாம்

எங்கள் அண்ணன் மகளுக்கு வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர்ப் பக்கம், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கரைக்கு வருவதே முதல்முறை. மண்டபம், அறை, சாப்பாடு எல்லாம் அண்ணன் பொறுப்பு. ஊரைச் சுற்றிப் பார்ப்பது பற்றிய கேள்விகள் மட்டும் பெண்ணின் அத்தையான எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நிகழ்ச்சி நிரல் தெரியாதவர்களுக்கு: சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு, ஞாயிறு காலை 7.30 முதல் 9 வரை முகூர்த்தம், திங்கள் மதியம் எங்கள் வீட்டில் கறிவிருந்து. சனி காலை, ஞாயிறு மாலை, திங்கள் மாலை, செவ்வாய் முழுவதும் உங்கள் கையில்.

ராமநாதபுரமும் ராமேஸ்வரமும் ஒன்றுதானே?

இல்லை. முதலில் இதைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் போன மாதமே இரண்டு பேர் ராமேஸ்வரத்தில் அறை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாணம் நடப்பது ராமநாதபுரத்தில், நாங்கள் ராம்நாடு என்போம். ராமேஸ்வரம் இங்கிருந்து கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர், பாம்பன் பாலம் தாண்டிய தீவு. சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ வருகிறவர்கள் ராமநாதபுரத்திலேயே இறங்குங்கள். பின்னிரவிலோ விடிகிற நேரத்திலோ வண்டி வரும், அசந்து தூங்கினால் ராமேஸ்வரத்தில்தான் கண் விழிப்பீர்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரைதான் வசதி, அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக 115 கிலோமீட்டர் போல. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்த்துவிட்டு மாலை அழைப்புக்குள் திரும்பிவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

வரைபடத்தில் பார்த்தால் முடிகிற மாதிரிதான் தெரியும். ஒரு மணி நேரத்தில் ராமேஸ்வரம், அரை மணியில் தனுஷ்கோடி என்று கைபேசி சொல்லும். ஆனால் சனி, ஞாயிறுகளில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களால் நெரிசல் ஆகும், கோயிலில் தீர்த்தம் ஆடவே இரண்டு மணி நேரம் போய்விடும், கோயிலை மதியம் சாத்துவார்கள், பசியோடு குழந்தைகள் அழும். என் தம்பி கல்யாணத்தில் பெண் வீட்டு வேன் ஒன்று இப்படித்தான் அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பிப் போனது, முகூர்த்தத்துக்குள் வந்துவிடுவோம் என்று. பெண்ணின் தாய்மாமனும் அத்தையும் அந்த வேனில். பாலத்தில் ஒரு பேருந்து பழுதாகி நின்றதில் முக்கால் மணி நேரம் ஆடவில்லை, அசையவில்லை. அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடித்து, பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்துவிட்டது. அந்தத் தாய்மாமன் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ராமேஸ்வரத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு வையுங்கள், முழு நாளாக. ஒரு நாளைக்கு ஒரு திசை, அவ்வளவுதான் இந்தக் கரைக்கு நான் சொல்லும் கணக்கு. கிழக்கே போனால் ராமேஸ்வரம், தெற்கே போனால் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வடக்கே தேவிபட்டினம், காரங்காடு, தென்மேற்கே உத்திரகோசமங்கை. இரண்டு திசையை ஒரே நாளில் சேர்த்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது, வண்டியில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

அப்படியானால் சனிக்கிழமை காலை என்ன செய்வது?

பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. எழுந்து குளித்துவிட்டு ஏழு மணிக்குத் திருப்புல்லாணிக்குப் போங்கள், பத்து கிலோமீட்டர்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆதிஜெகந்நாதப் பெருமாள் மூலவர் என்றாலும் எனக்குப் பிடித்தது தனிச் சன்னிதியில் இருக்கும் தர்ப்பசயன ராமர். கடல் வழி விடட்டும் என்று தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருந்த ராமர் இவர். வில்லும் அம்புமாக நிற்கும் ராமரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தலைக்குக் கை கொடுத்துப் படுத்திருக்கும் ராமர் வேறு மாதிரி தெரிவார். குழந்தை வரம் வேண்டுகிறவர்களுக்கு இங்கே பாயசப் பிரசாதம் விசேஷம்.

அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் சேதுக்கரை. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில். கூட்டம் இல்லாத நாளில் அந்தக் கரையில் நின்றால் காற்றின் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. கடலில் இறங்க வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன்.

கோயிலுக்குப் போக விருப்பம் இல்லாதவர்கள், முக்கியமாக மாப்பிள்ளைத் தம்பியின் நண்பர்கள், ஊருக்குள்ளேயே அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்து மாளிகை, இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி ஆட்சியில் வரைந்தவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம், ராமாயணம் ஒரு பக்கம், ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிற காட்சி ஒரு பக்கம். சில இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது, ஆனாலும் கிட்டப் போய்ப் பாருங்கள்: ராஜாவின் மெல்லிய துணியின் மடிப்பு, அந்தப்புரப் பெண்களின் நகை, எல்லாவற்றையும் பொறுமையாக இழுத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது தடித்த சுவருக்குள் குளுகுளுவென்று இருக்கும், அது வேறு. நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது முதலில் பார்த்தேன். உள்ளூர்க்காரர்களே பலர் இதை வாசலோடு கடந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

கடலில் குளிக்கலாமா? பிள்ளைகள் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குளிக்கலாம். ஆனால் எந்தக் கடல் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கடல் உண்டு. மண்டபம் என்ற ஊரிலிருந்து தனுஷ்கோடி வரை நிலம் ஒரு விரல் மாதிரி நீண்டு போகிறது இல்லையா, அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், ஆழம் குறைவு, அலை குறைவு. தெற்கே இருப்பது ஆண் கடல், ஆழமும் வேகமும் அதிகம். இது பேச்சுக்குச் சொல்வதில்லை, இங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் நாள்தோறும் புழங்கும் கணக்கு.

அதோடு காற்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் வருகிற வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அப்போது சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் கதை மாறிவிடும், பெண் கடலும் பொங்கும். ஆக உங்கள் பிள்ளைகளுக்கு இந்த முறை வடக்குப் பக்கம்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்கு அரியமானுக்குக் கிளம்புங்கள். ராமேஸ்வரம் ரோட்டில் உச்சிப்புளி தாண்டி இடதுபுறம் திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழல், நீளமான மணல், நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவே தண்ணீர். என் பேரன் அங்கேதான் கடல் பயம் தெளிந்தான். பக்கத்தில் பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு, நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற பலகை மாதிரியான விளையாட்டுகளும் உண்டு, இளவட்டங்கள் விசாரித்துப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கரையில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒன்று ஒதுங்கிக் கிடந்தால் அது சொறி, அதாவது ஜெல்லி மீன். செத்ததுபோல் இருந்தாலும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், அரிப்பும் எரிச்சலும் ராத்திரி முழுக்க இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ராமேஸ்வரத்துக்கு எப்படித் திட்டம் போடுவது?

இருட்டோடு கிளம்புங்கள், நாலரை மணிக்கு. பாம்பன் பாலத்தில் விடியலைப் பார்க்கலாம், நெரிசலும் இருக்காது. பாலத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், மெதுவாகப் போனாலே எல்லாம் தெரியும். முதலில் கோயில், அது முடிந்ததும் டிபன், பிறகு நேராகத் தனுஷ்கோடி, திரும்பும்போது பள்ளிவாசல் தெருவில் கலாம் வீடு, வழியில் பேய்க்கரும்பில் அவருடைய நினைவகம். மாலை ஆறு மணிக்குள் தீவை விட்டு வெளியே வந்துவிட்டால் எட்டு மணிக்கு ராம்நாட்டில் சாப்பாடு.

முடிந்தால் போகும்போதோ வரும்போதோ ஒருமுறை ரயிலில் வாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வழியாக ரயில் இருக்கிறது. பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது, கப்பல் வந்தால் நடுப்பகுதியை ஆட்கள் நெம்பிச் சுற்றித் திறப்பார்கள், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி விரியும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது, இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் போல மேலே போகும். சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு ராமேஸ்வரத்துக்குப் போக வேண்டுமென்றால் ரயிலைத்தான் நம்பியிருந்தோம், எங்கள் அப்பாயி ரயில் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு ராமா ராமா என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார், பாம்பன் வந்த பிறகுதான் கண் திறப்பார்.

22 தீர்த்தம் ஆடுவது எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி.

முதலில் கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அங்கே முழுகிவிட்டு ஈரத் துணியோடு உள்ளே போய் வரிசையாக 22 தீர்த்தம். எல்லாம் கோயிலுக்குள்ளேயே இருக்கும் கிணறுகளும் குளங்களும்தான், வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். ஒன்று குளிரும், ஒன்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், சில கிணற்றுத் தண்ணீர் நாக்கில் பட்டால் நல்ல தண்ணீர், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது. முடித்ததும் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் சுவாமி தரிசனத்துக்குப் போக வேண்டும், ஈரத்தோடு விடமாட்டார்கள். எனவே ஒரு பையில் மாற்றுத்துணி, துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. பெண்கள் சுடிதாரோ கனத்த பருத்திச் சேலையோ உடுத்திப் போங்கள், பட்டு வேண்டாம். நகையும் கைபேசியும் அறையிலேயே இருக்கட்டும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். நடை நிறைய, தரை முழுக்க ஈரம், வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனத்துக்குப் போனால் போதும், புண்ணியம் குறைந்துவிடாது. எங்கள் அம்மா கடைசிப் பத்து வருடமும் அப்படித்தான் செய்தார். அதற்குப் பதிலாக அவரை மூன்றாம் பிராகாரத்தில் ஒரு ஓரமாக உட்கார வையுங்கள். 1212 தூண்கள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்துப் போய் மறு கோடியில் ஒரு வெளிச்சப் புள்ளிதான் தெரியும். தீர்த்தமாடி வருகிறவர்களின் ஈரக் கால் சத்தம் முன்னால் வந்து, தாண்டி, தேய்ந்து போகும். அங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு தரிசனம்.

அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திங்கள் இரவே ராமேஸ்வரம் போய்த் தங்கிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வந்த இடத்தில் தர்ப்பணம், திதி கொடுக்கலாமா?

அது அவரவர் வீட்டு வழக்கம், உங்கள் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் முகூர்த்தத்துக்கு முன்பு செய்யமாட்டோம், எல்லாம் முடிந்து ஊர் திரும்பும் நாளில் செய்வோம். ராமேஸ்வரம்தான் என்றில்லை, வடக்கே 15 கிலோமீட்டரில் தேவிபட்டினம் இருக்கிறது. கடலுக்குள் ஒன்பது கல், நவபாஷாணம் என்பார்கள், ராமர் நவக்கிரகங்களாகப் பிரதிஷ்டை செய்தது என்பது ஐதீகம். நடைமேடையில் போய்க் கும்பிடலாம்.

தனுஷ்கோடியில் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் மணல்தானே என்கிறார்களே?

மணல்தான். அந்த மணலுக்கு அடியில் ஒரு ஊர் இருந்தது.

சென்னையிலிருந்து ரயில் வந்து நின்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போன காலம் ஒன்று இருந்தது, போட் மெயில் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல். கடல் ஊருக்குள் புகுந்தது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் பயணிகளோடு போய்விட்டது. அதற்குப் பிறகு குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. இப்போது தேவாலயத்தின் இடிந்த சுவர் நிற்கிறது, ரயில் நிலையத்தின் மிச்சம் நிற்கிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தால் செங்கல்லோடு பவளக் கல்லும் சேர்த்துக் கட்டியிருப்பது தெரியும். அந்தச் சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அந்த இரவில் ஆள் இழந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லறைக்குப் போகிற மாதிரி போக வேண்டிய இடம் அது.

இன்னும் சில மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம், இரண்டு பக்கமும் ஆள் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். குடிதண்ணீர் எடுப்பதை வாய்த்தால் பாருங்கள். கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் கையால் குழி பறித்திருப்பார்கள். அடியில் தண்ணீர் கசிந்து ஊறும். ஒரு அக்கா குந்தி உட்கார்ந்து சிரட்டையால் கலங்காமல் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார், ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும் போலிருந்தது. எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார். நல்ல தண்ணீர், உப்பே இல்லை.

அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது, ராமேஸ்வரத்திலிருந்து 20 கிலோமீட்டர் போல, அரசுப் பேருந்தே போகிறது. இரண்டு கடலும் சேர்கிற முனை. இடதுபுறம் அமைதி, வலதுபுறம் ஆர்ப்பாட்டம், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே கண்டிப்பாகக் கடலில் இறங்கக் கூடாது, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மாலைக்கு மேல் போலீஸ் யாரையும் இருக்க விடமாட்டார்கள், ஐந்து மணிக்குள் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காலம் என்பதால் மணல் முகத்தில் அடிக்கும், சாலையிலும் மணல் ஏறிக் கிடக்கும், இருசக்கர வண்டியில் போகிற தம்பிமார்கள் வேகம் எடுக்காதீர்கள். தொப்பியை விடத் துண்டு மேல். இலங்கை பக்கத்தில் இருப்பதால் கைபேசி அந்தப் பக்கத்துச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

வழியில் கோதண்டராமர் கோயில், விபீஷணன் ராமரிடம் அடைக்கலமான இடம் என்பார்கள். அந்தப் புயலில் தப்பிய கோயில். அதை ஒட்டிய நீர்ப்பரப்பில் மாசி வாக்கில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும், வைகாசியில் எதிர்பார்க்காதீர்கள்.

தீவுகளுக்குப் படகில் போகலாமா?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. இஷ்டத்துக்கு ஒரு வள்ளத்தைப் பேசிக்கொண்டு இறங்க முடியாது, கூடவும் கூடாது, வனத்துறை விடுகிற படகுகளில் மட்டுமே. அதுவும் நீங்கள் வருகிற மாதத்தில் தென்கடல் கொந்தளிப்பதால் படகு ஓடுமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. படகு சவாரிதான் வேண்டுமென்றால் வடக்கே தொண்டி போகிற வழியில் காரங்காடு போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள். வேர்கள் தண்ணீருக்கு மேலே கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். சத்தம் போடாமல் போனால் பறவைகளும் கிட்டத்தில் தெரியும்.

கீழக்கரை, ஏர்வாடி?

திங்கள் விருந்து முடிந்த மாலைக்குப் பொருத்தமான பக்கம். கீழக்கரை 17 கிலோமீட்டர்தான். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று எல்லோரும் சொல்வோம், அந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். முத்து, சங்கு, கப்பல் வணிகத்தில் செழித்த பழைய துறைமுகம். அங்கே 17ஆம் நூற்றாண்டுக் கல் பள்ளிவாசலின் தூண்களைப் பாருங்கள், நம் கோயில் மண்டபத்துத் தூண்களைச் செதுக்கிய அதே கைகள் என்று தோன்றும், ஆனால் உருவங்களுக்குப் பதிலாகப் பூவும் கொடியும். தொழுகை நேரம் தவிர்த்து, தலையில் துணி போட்டு, உள்ளே வரலாமா என்று அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும் போகிறார்கள், எங்கள் வீட்டிலேயே நேர்ச்சை உண்டு.

மரகத நடராஜரைப் பார்க்க முடியுமா?

உத்திரகோசமங்கையில் அவர் வருடம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழி ஆருத்ராவுக்கு மட்டும்தான் சந்தனம் களைவார்கள். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம், மண் முந்தியோ மங்கை முந்தியோ என்று சொல்லும் அளவுக்குப் பழைய தலம், மங்களநாதரையும் மங்களாம்பிகையையும் கல்யாண வீட்டார் கும்பிடுவது நல்லது. தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்பார்கள், இங்கே சாத்துகிறார்கள்.

நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வருவது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால். பெரிய மீன் வரத்து குறையும், விலை ஏறும், ஐஸில் வைத்து வெளியூரிலிருந்து வந்ததையும் பொரித்துக் கொடுப்பார்கள். ஆனால் வள்ளங்களுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் தடை இல்லை. எனவே கடையில் உட்கார்ந்ததும் பெரிய துண்டு மீன் இருக்கா என்று கேட்காதீர்கள், இன்றைக்கு வள்ளத்து மீன் என்ன வந்தது என்று கேளுங்கள். நகரை, சூடை, முரல், கணவாய், நண்டு என்று எது சொல்கிறார்களோ அதை வாங்குங்கள். சூடை மீன் குழம்பில் முள்தான் அதிகம், ருசி அதைவிட அதிகம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி எங்கும் சைவ உணவகம்தான்.

தண்ணீர், வெயில் எப்படி?

வெயில் கடுமை, காற்று உண்டு என்பதால் உறைக்கிறதே தெரியாது, ராத்திரிதான் முகம் எரியும். பல இடங்களில் குளிக்கிற தண்ணீர் உப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது. முகூர்த்தத்துக்குத் தலை குளிக்கிற பெண்கள் சொல்லுங்கள், வீட்டிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் அனுப்பி வைக்கிறேன்.

ஊருக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

முண்டு மிளகாய். உருண்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. இந்த வறண்ட மண்ணில் மானாவாரியாக விளைவது, குழம்புக்கு நிறமும் காரமும் ஒரு சேர வரும். அரண்மனைப் பக்கக் கடைகளில் கேளுங்கள், காம்போடு இருப்பதைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகக் காய்ந்தது. கருப்பட்டி வாங்கலாம், பனை ஓலைப் பெட்டி வாங்கலாம், நெத்திலிக் கருவாடு வாங்கினால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

வாங்கவே கூடாதது: பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது ரகசியமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். வலம்புரிச் சங்கு மிக மிக அரிதானது, தள்ளுவண்டியில் சில நூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

அப்புறம் தொதல். கீழக்கரையின் இனிப்பு. தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள், கை ஓயக் கூடாது. தேங்காய்ப்பால் எண்ணெயாகப் பிரிந்து ஓரத்தில் மினுமினுக்கும்போதுதான் இறக்குவார்கள். இலங்கையிலும் தொதல் என்றே பெயர், மலேயாப் பக்கம் தோதோல், கப்பல்காரர்களோடு சேர்ந்து கடல் தாண்டிய பண்டம். கத்தியால் வெட்டினால் கத்தியோடு கொஞ்சம் இழுபடும், அதுதான் சரியான பதம். உதிர்ந்தால் பழசு. இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்தால் புதிதாகக் கிண்டித் தருகிற வீடு ஒன்று எனக்குத் தெரியும். எத்தனை கிலோ என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், திங்கள் விருந்துக்கு வரும்போது வீட்டில் எடுத்து வைத்திருப்பேன்.